ஒரு பிடி மணலும் பேர் தெரியாத இருவரும்

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். காலநிலை மாற்றத்தால் நம்முடைய மரபுகளுக்கு வரும் ஆபத்து என்பது பேச்சு. என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். வைக்காமல் எப்படி? அந்த மண்டபத்தின் அத்திவாரத்திலிருந்து மேல்மாடிப் பூச்சு வரைக்கும் என் லொறியில் வந்த மணல். பெரிய திரையில் படம் காட்டினார்கள். உப்புக் காற்றில் பொரிந்துபோன கோட்டைச் சுவர், வெள்ளத்தில் நிற்கும் விகாரை, மூக்குக் கரைந்த கற்சிலை. கடல் மட்டம் உயர்கிறதாம். கடல் சூடாகிறதாம். அலை வரும் காலமும் அதன் வேகமும் மாறிவிட்டனவாம். எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது. கேள்வி கேட்கலாம் என்றவுடன் எழுந்துவிட்டேன்.

"கல்லையே காட்டுனீங்க, சரி. மணலை யாரு காட்டுறது?"

சபை சிரித்தது. மேடையில் நின்ற தம்பி, "நல்ல கேள்வி ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மைக்கைக் கொடுத்துவிட்டார். நல்ல கேள்வியாம். பதில் எங்கே? வெளியே வரும்போது ஒரு பிள்ளை என் கையில் படிவம் ஒன்றைத் தந்தாள். கண்ணுக்குத் தெரியாத மரபுகளைப் பதிகிறார்களாம். வழக்கத்தின் பெயர், செய்பவர்கள் யார், எந்த இடம், புகைப்படம் உண்டா என்று கட்டம் கட்டமாக இருந்தது. என் கதை அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. அதனால்தான் இதைத் தனித்தாளில் எழுதுகிறேன். எழுத்துப் பிழையை மருமகள் பார்த்துக்கொள்வாள். என் பேச்சைத் திருத்தினால் மட்டும் விடமாட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பதினொரு வயதில் ஓடிவந்து, கோட்டையில் ரயிலிறங்கி, நடந்தே கொச்சிக்கடைக்குப் போனவன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். கிட்டங்கியில் சாக்கு விரித்துப் படுத்தேன். பொருள் சுற்றிவந்த பேப்பரைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். முப்பது வயதில் சொந்த லொறி. நாற்பதில் கொட்டாஞ்சேனையில் மணலும் கல்லும் சீமெந்தும் விற்கும் யார்ட். நாற்பத்தைந்தில் வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் இரண்டு மாடி வீடு. இதில் ஒன்றையும் நான் யாரிடமும் கடனாக வாங்கவில்லை. ஒரு சதம் இல்லை, ஒரு சிபாரிசுக் கடிதம் இல்லை, பசித்த நாளில் ஒரு பிடி சோறு இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பின்னால் இதே பெருமைதான் என்னைக் கவிழ்த்தது என்பதற்காகவும் சொல்கிறேன்.

வடக்கில் சண்டை பெருகப் பெருக யாழ்ப்பாணத்து ஆட்கள் வெள்ளவத்தையில் வந்து நிறைந்தார்கள். ஒழுங்கைக்கு ஒழுங்கை மாடிவீடு எழும்பியது. சிலர் வெளிநாட்டுக்குப் போகும் வழியில் ஆறு மாதம் தங்குவார்கள், சிலருக்கு அந்த ஆறு மாதம் ஆறு வருடமாகும். கட்டுகிறவர்களுக்கு மணல் வேண்டும். மணலுக்கு நான். முதலில் களனி ஆற்றில் அள்ளினோம். அது போதாமல் தெற்கே களுகங்கைக்குப் போனோம். ஒரு நாளைக்கு என் லொறிகள் எத்தனை தடவை காலி வீதியில் ஏறி இறங்கின என்று எனக்கே தெரியாது.

என் வீட்டு மேல்மாடியில் குடியிருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மெலிந்த ஆள், தடித்த கண்ணாடி, சட்டைப்பையில் எப்போதும் பொலிஸ் பதிவுத் துண்டு. வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிஸில் பதிய வேண்டும்; அந்தப் பதிவு கேட்டு யாராவது கதவைத் தட்டினால் அவர் துண்டைத் தேடிச் சட்டைப்பையைத் தடவுவார். நான் கீழிருந்து ஏறிப்போய்ச் சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசுவேன், வந்தவர்கள் போய்விடுவார்கள். அதற்கு அவர் நன்றி சொல்லும் விதமே தனி.

"என்ன காணும் மணல் முதலாளி, மூண்டாம் வகுப்பு படிச்ச உமக்கு இந்தச் சிங்களம் வருது. எனக்கு நாலு பாஷையில இலக்கணம் தெரியும், ஒண்டும் வாயால வரேல்லை."

"இலக்கணத்தை வச்சிக்கிட்டு ராணுவத்துக்கிட்ட பேச முடியுமா மாஸ்டர்?"

"ஓம் ஓம், அதுதானே."

இப்படித்தான் எங்கள் பேச்சு. அவர் என்னைக் குத்துவார், நான் அவரைக் குத்துவேன், பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணி குடிப்போம்.

இனி மணலுக்கு வருகிறேன்.

ஆடி அமாவாசைக்குத் தகப்பன் இல்லாதவர்கள் கடலில் நீராடித் தர்ப்பணம் கொடுப்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது வடக்குக் கரையில் கீரிமலை. சண்டையில் அந்தப் பக்கம் போகவே முடியாமல் போனது. அதனால் அவர்கள் வெள்ளவத்தைக் கடற்கரைக்கு வந்தார்கள். ரயில் பாதையைக் கடந்தால் மணல், மணலைக் கடந்தால் கடல். விடியும்போதே ஐயர் ஒருவர் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார். பொலிஸில் முன்கூட்டியே சொல்லி அனுமதி எடுக்க வேண்டும், எட்டு மணிக்கு முன் கலைய வேண்டும். தமிழர் நாற்பது பேர் ரயில் பாதைக்குப் பக்கத்தில் கூடுவது அந்த நாளில் சின்ன விஷயமில்லை.

யாழ்ப்பாணத்தார் மட்டுமா வந்தார்கள்? கொட்டாஞ்சேனையிலிருந்தும் கொச்சிக்கடையிலிருந்தும் எங்கள் ஆட்களும் பஸ் ஏறி வந்தார்கள். துறைமுகத்தில் வேலை செய்தவர்கள், ஹோட்டலில் பரிமாறியவர்கள், நகரசபையில் தெருக் கூட்டியவர்கள். தோட்டத்தில் பிறந்து கொழும்பில் பிழைத்தவர்கள். எங்களிடம் ஒரு குறை இருந்தது. தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பேரைச் சொல்ல வேண்டும். தகப்பன், தாத்தா, பூட்டன். யாழ்ப்பாணத்தார் கடகடவென்று சொல்வார்கள். எங்களில் பாதிப்பேருக்குத் தகப்பன் பேரோடு வாய் மூடிவிடும். இந்தியாவிலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு வந்தார், தலைமன்னாரிலிருந்து நடந்து வந்தோம், தோட்டத்துக் கூலிப் பேரேட்டில், அந்தச் செக்ரோலில், நம்பர் விழுந்தது. அதற்கு மேல் எதுவும் கைமாறி வரவில்லை.

அதற்கு அந்தக் கரையில் ஒரு வழி இருந்தது. யார் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. பேர் தெரியாத ஆளுக்கு ஈர மணலில் ஒரு பிடி பிடித்து, அலை வந்து தொடும் விளிம்பில் வைப்பார்கள். ஒரு பேருக்கு ஒரு பிடி. அதன் தலையில் எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அலை தானாக வந்து பிடியை எடுத்துக்கொண்டு போனால் அந்த ஆள் வாங்கிக்கொண்டார் என்று அர்த்தம். காலால் தள்ளக் கூடாது, கையால் தண்ணீர் இறைக்கக் கூடாது. ஐயரும் அதை ஒப்புக்கொண்டார். "பேர் தெரியாட்டிப் பிடிச்சு வையுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவார்.

நான் முதல் வருடம் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ரயில் பாதை ஓரத்தில் கையைக் கட்டி நின்றேன். கொச்சிக்கடையில் என்னோடு மூட்டை தூக்கிய ஒருவர் கீழே இருந்தார். மலை மாதிரி ஆள். இரண்டு பிடி வைத்திருந்தார். ஒரு அலை வந்து ஒன்றை எடுத்தது. மற்றது அப்படியே நின்றது. அவர் குனிந்து அந்தப் பிடியைப் பார்த்து, "வா சாமி, பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்கிட்டுப் போ" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த அலை அதையும் எடுத்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

என் அப்பா எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது லயத்தில் காய்ச்சலில் போனார். நான் தர்ப்பணம் கொடுத்ததில்லை. கொடுக்கத் தெரியாது என்பது ஒன்று. நாலு பேர் முன்னால் தாத்தா பேர் தெரியாது என்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றது. மாடிவீட்டு முதலாளி மணலில் உட்கார்ந்து முழிக்கிறதாவது! ஒவ்வொரு வருடமும் மாஸ்டர் கேட்பார்.

"இந்த முறையாவது வாறீரோ?"

"அடுத்த வருஷம் பாப்போம் மாஸ்டர். கடல் எங்க போகப்போவுது?"

கடல் போகவில்லை. மணல்தான் போனது.

முதலில் நான் கவனிக்கவில்லை. தை மாதத்தில் பந்தடிக்கும் அளவுக்கு அகலமாகக் கிடக்கும் கரை, ஆடியில் காற்றோடு சுருங்கும், பிறகு திரும்பவும் விரியும். அது எப்போதும் உள்ளது. ஆனால் சுருங்கியது முழுதாக விரியாமல் நிற்கத் தொடங்கியது. ஐயர் பாய் விரித்த இடத்தில் அடுத்த வருடம் அலை அடித்தது. அதற்கடுத்த வருடம் அவர் ரயில் பாதைச் சரிவில் உட்கார்ந்தார். கடல் பாதையைத் தின்னாமலிருக்கக் கருங்கல் கொண்டுவந்து கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் மணல் நிற்கவில்லை. எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் சிங்கள மனிதர் ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார், "முஹுத இஸ்ஸரஹாட்ட எனவா, மஹத்தயா." கடல் முன்னுக்கு வருகிறது என்று. முன்பெல்லாம் காற்று எப்போது எழும்பும், எப்போது அடங்கும் என்று நாள் சொல்வாராம். இப்போது அவர் சொன்ன நாளில் எதுவும் நடப்பதில்லையாம். நான் பாரை மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு, "ஓயாட்ட வயசாய்ட்டிச்சு" என்று, உமக்கு வயதாகிவிட்டது என்று, பாதிச் சிங்களத்தில் கேலி பண்ணினேன். அந்த மனிதரை இப்போது கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

அந்த வருடம் ஆனி மாதத்தில் மாஸ்டருக்குக் கனடா விசா வந்தது. மகளிடம் போகிறார், மனைவியும் அவரும். ஆடி முடியப் பயணம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் படியிறங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"இனி நான் இந்தக் கடலில இறங்கமாட்டன். உமக்குப் பக்கத்தில இருந்து சொல்லித்தரவும் ஆள் இல்லை. இந்த முறை உம்மட அப்பருக்குக் குடுக்கிறீர். விளங்குதோ?"

"மணலே இல்லையே மாஸ்டர். பிடியை எங்க வைக்கிறது?"

"அதுதான் எனக்கும் யோசனை."

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பழைய பெருமை தலைக்கேறியது. மார்பில் தட்டினேன். "கொழும்புக்கே மணல் போட்டவன் நான். நாப்பது பேர் உக்கார ஒரு துண்டு போட முடியாதா? நீங்க வாங்க. மணல் இருக்கும்."

என் மனைவி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, கடலுக்கா மணல் போடப்போறீங்க? உங்களுக்குப் புத்தி ஏதும் கலங்கிருச்சா?" என்றாள். நான் காது கொடுக்கவில்லை.

அமாவாசைக்கு முந்திய நாள், மத்தியானம், களுகங்கை மணல் ஒரு லொறி நிறைய ஏற்றிக்கொண்டு நானே முன்னால் உட்கார்ந்து வந்தேன். பாலத்தடிச் செக்பொயின்டில் மறித்தார்கள்.

"மே மொகத?"

"வெலி, மஹத்தயா." மணல்தான்.

"கொஹாட்டத?"

"முஹுதட்ட."

கடலுக்கு என்றேன். உண்மையைத்தானே சொன்னேன். இரண்டு சிப்பாய்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "முஹுதட்ட வெலி? பிஸ்ஸுத?" பைத்தியமா என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் சந்தேகம் வந்துவிட்டது. கடலுக்கு மணல் கொண்டுபோகிற தமிழன் அடியில் என்ன வைத்திருக்கிறான்? முதலில் இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். அது போதவில்லை. முழு லொறியையும் வீதியோரம் கொட்டச் சொன்னார்கள். என் ஆட்கள் நான்கு பேர், மண்வெட்டி நான்கு, வெயில் உச்சியில். கொட்டியதைத் திரும்ப அள்ள வேண்டும்.

பொலிஸ் அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். இறந்த அப்பாவுக்குச் செய்யும் சடங்கு என்று விளக்கினேன். இளம் சிப்பாய் ஒருவனுக்கு அப்போதுதான் முகம் மாறியது. துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மணல் குவியலில் ஒரு காலை வைத்து நின்றான். அவனுடைய ஊர் அனுராதபுரப் பக்கமாம். மழை பொய்த்துக் குளம் வற்றிவிட்டதாம். இரண்டு போகமாக விளைச்சல் இல்லை. வழக்கமாக முதல் நெல்லைக் குத்திப் புது அரிசியைப் பன்சலை என்கிற விகாரைக்குக் கொண்டுபோய்ப் படைப்பார்களாம். அந்த வருடம் ஊரில் யாரும் படைக்கவில்லையாம். கடையில் வாங்கிய அரிசியைப் படைக்கலாமா என்று அவனுடைய அம்மா கேட்டாளாம், ஊரில் யாருக்கும் பதில் தெரியவில்லையாம். சொல்லிவிட்டு, "யண்ட, யண்ட" என்று கையை அசைத்தான். போகச் சொன்னான். எனக்கு அப்போது அவன் கதை முக்கியமாகப் படவில்லை. பொழுது சாயுமுன் மணலை இறக்க வேண்டும் என்ற அவசரம்.

லொறி ரயில் பாதையைத் தாண்டாது. ஒழுங்கை முடிவில் கொட்டி, அங்கிருந்து தாச்சியில் அள்ளித் தலையில் வைத்துப் பாதையைக் கடந்தோம். சீமெந்து குழைத்துச் சுமக்கும் அந்த இரும்புத் தாச்சிகள் எட்டு. ரயில் வரும்போது நின்று, போனதும் ஓடி, பொழுது சாயும்வரை சுமந்தோம். நானும் சுமந்தேன். முதலாளி ஆனபிறகு என் தலையில் சுமை ஏறியது அன்றுதான். கருங்கல்லுக்கு நடுவே ஒரு பள்ளத்தை நிரப்பி, ஒரு அறை அளவுக்குச் சமதரை ஆக்கினோம். கையால் தட்டித் தட்டி விளிம்பைக் கடல் பக்கமாகச் சரித்தேன். மாஸ்டர் வந்து பார்த்தார். கைத்தடியால் மணலைக் குத்தினார்.

"வடிவாத்தான் செய்திருக்கிறீர். எங்கத்தை மணல்?"

"களுகங்கை. முதல்தரம்."

அவர் கைத்தடியால் தெற்குப் பக்கம் காட்டினார். பிறகு வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னார். "இந்தக் கரைக்கு மணல் தெற்கால வாறது. மழைக்குக் களுகங்கை அள்ளிக்கொண்டுவந்து கடலில விடும். தென்மேற்கால அடிக்கிற சோளகக் காத்துக்கு அலை அதை வடக்க தள்ளிக்கொண்டு வந்து இஞ்ச போடும். நீர் ஆத்தில அள்ளினது இஞ்ச வரவேண்டியதுதான் காணும்."

"அப்ப என்ன, நான்தான் கடற்கரையைத் தின்னேன்னு சொல்றீங்களா?"

"நீர் மட்டும் எண்டு சொல்லேல்லை. கடலும் முன்னை மாதிரி இல்லை. அலையின்ர எழுப்பமும் மாறிப்போச்சு. கடல் முன்னுக்கு வருது, வாற மணலை நீர் பின்னால மறிக்கிறீர். ரெண்டுக்கும் நடுவில கரை என்ன செய்யும்?"

"நீங்க இருக்கிற மாடியும் அந்த மணல்தான் மாஸ்டர். படிச்சவருக்கு அது மட்டும் தெரியலையா?"

"தெரியும்" என்றார். "அதாலதான் இவ்வளவு நாளும் சொல்லேல்லை."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவருக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். 

விடியற்காலை வேட்டி கட்டி, விரதத்தோடு, மாஸ்டரும் நானும் ரயில் பாதையைக் கடந்தோம். வீட்டில் பெண்கள் சமையலைத் தொடங்கியிருந்தார்கள். மாஸ்டரின் மனைவி சந்தை முழுக்க அலைந்து காத்தோட்டங்காய் வாங்கி வைத்திருந்தார், அமாவாசைக்கு அது இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது.

மணல் இல்லை.

ஒரு அறை அளவுக்கு நான் தட்டித் தட்டிப் போட்ட மணலில் ஒரு கூடை கூட இல்லை. பள்ளத்துக்குள் நுரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மறந்துவிட்டுப் போன தாச்சி ஒன்று மட்டும் இரண்டு கல்லுக்கு நடுவில் இறுகிக் கிடந்தது. வந்து நின்ற நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். மணல் போடுகிறேன் என்று ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லியிருந்தேனே. கொச்சிக்கடை ஆள், அந்த மலை மாதிரி மனிதர், என் தோளில் கைபோட்டு, "மொதலாளி, கடல் உங்ககிட்ட ரசீது கேக்கலையே" என்றார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

ஐயர் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்தார். எல்லோரும் கல்லில் தொற்றினார்கள். ஒருவர் வழுக்கி முழங்காலைக் கிழித்துக்கொண்டார். ஒவ்வொரு அலைக்கும் எள்ளும் தர்ப்பையும் பறந்தன. ஐயர் குரலை உயர்த்தி எல்லோருக்கும் சேர்த்து ஒரே மூச்சாக மந்திரம் சொன்னார். பேர் சொல்லும் இடம் வந்ததும் ஒவ்வொருவராகக் கை காட்டினார். மாஸ்டர் தன்னுடைய மூன்று பேரையும் சொன்னார். என் முறை. அப்பாவின் பேரைச் சொன்னேன். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பேரைச் சத்தமாகச் சொன்னேன்.

"அடுத்தது?"

"தெரியாது."

"அப்ப பிடிச்சு வை..." என்று பழக்கத்தில் தொடங்கிய ஐயர் கல்லைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "கெதியாச் சொல்லுங்கோ, அலை பெருக்குது."

நான் கல்லுக்கு நடுவில் இறங்கினேன். கையை விட்டுத் தாச்சியைத் திருகி இழுத்தேன். உள்ளங்கை கிழிந்தது. தாச்சியின் அடியில் ஒட்டிக் கிடந்ததை விரலால் சுரண்டினேன். ஒரு பிடி வந்தது. ஒன்றே ஒன்று. எனக்கு வேண்டியது இரண்டு.

கையில் அந்தப் பிடியோடு நான் நின்ற நிலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. யாருக்கு வைப்பது? அப்பாவைப் பெற்றவருக்கா? கடல் தாண்டி முதலில் வந்தவர் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பூட்டனுக்கா? இரண்டாக உடைத்தால் பிடி நிற்காது. ஆற்று மணல் பருமன், கடல் மணல் போல ஒட்டாது. மணல் வியாபாரிக்கு இது தெரியாதா?

மாஸ்டர் என் காதருகே குனிந்தார். கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.

"ஒண்டை வையும். மற்றவருக்கு என்ர அப்பரைப் பெத்த பேரன்ர பேரைச் சொல்லும். பேரை நான் தாறன். உம்மட பூட்டனுக்கு அது போதும்."

"இல்ல மாஸ்டர்."

"ஏன் காணும்?"

"நான் யாருகிட்டயும் எதையும் கடன் வாங்குனதில்ல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "சரி" என்றார். பிடியைத் தாத்தாவுக்கென்று கல்லின் விளிம்பில் வைத்தேன். எள்ளை விட்டேன். தண்ணீரைச் சாய்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கக் கடல் விடவில்லை. பக்கவாட்டில் ஒரு அலை கல்லில் மோதி ஆள் உயரத்துக்கு எழும்பியது. எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டோம். கண்ணைத் திறந்தபோது பிடி இல்லை, ஐயரின் செம்பு இல்லை, என் பக்கத்திலிருந்த தாச்சியும் இல்லை. அலை எடுத்ததா? தெறித்த தண்ணீரில் உதிர்ந்து கல்லிடுக்கில் விழுந்ததா? வாங்கிக்கொண்டாரா?

"மாஸ்டர், பாத்தீங்களா?"

"இல்லை, நானும் கண்ணை மூடிப்போட்டன்."

பொய் சொல்லியிருக்கலாம் அந்த மனிதர். வாங்கினார் என்று ஒரு வார்த்தை. படித்தவர்கள் இப்படித்தான்.

ஆவணியில் அவர் விமானம் ஏறினார். கனடாவிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. அங்கே ஏரிக்கரையில் தர்ப்பணம் கொடுத்ததாகவும், ஏரிக்கு அலை வராமல் நீண்ட நேரம் நின்றதாகவும் எழுதியிருந்தார். நான் பதில் எழுதவில்லை. என் கையெழுத்து அவருக்கு முன்னால் நிற்காது. மூன்றாவது கடிதம் மகளிடமிருந்து வந்தது, அவர் போய்விட்டார் என்று.

நான் மணல் வியாபாரத்தை அன்றே விட்டுவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். விடவில்லை. பிறகு ஆற்றில் அள்ள அனுமதி இறுகியது, நான் சீமெந்துக் கல் வார்த்து விற்கும் வேலைக்கு மாறினேன். மனம் மாறியதால் அல்ல. ஆனால் யாராவது வந்து கடல்தான் எல்லாம் செய்தது என்றால் எனக்குப் பிடிக்காது, மணல்காரன்தான் எல்லாம் செய்தான் என்றாலும் பிடிக்காது. உலகம் முழுக்கப் புகை விட்டுக் கடலைக் கிளப்பியவர்களைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினார்கள். அவர்களும் என்னைப் போலத்தான் மார்பில் தட்டியிருப்பார்கள் என்று எனக்குப் பட்டது.

இப்போது தர்ப்பணம் மண்டபத்துக்குள் நடக்கிறது. கடல் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி வைக்கிறார்கள். வழுக்காது, நனையாது, பொலிஸ் அனுமதி வேண்டாம். எங்கள் ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. பேசினில் பிடி வைக்க இடமில்லை, அலை வராது. பேர் தெரியாதவர்கள் தகப்பன் பேரோடு எழும்பிப் போகிறார்கள், சிலர் வருவதேயில்லை. போன ஆடியில் கொச்சிக்கடை ஆளின் மகனிடம் உன் அப்பா எப்படிக் கொடுத்தார் தெரியுமா என்று கேட்டேன். "அப்பா கடல்ல ஏதோ பண்ணுவாரு அங்கிள்" என்றான். ஏதோவாம். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அவன்மேல் பிழையில்லை, அவன் மணலைப் பார்த்திருந்தால்தானே.

நான் இன்னும் ஒவ்வொரு ஆடிக்கும் போகிறேன். மண்டபத்தில் இருக்கும் ஐயர் புதியவர், நல்ல பிள்ளை. அப்பாவின் பேரைச் சொல்கிறேன்.

"அடுத்தது ஐயா?"

தாத்தாவுக்குத் தண்ணீர் விட்டதுபோல் ஒரு நினைப்பாவது இருக்கிறது. பூட்டனுக்கு அதுவும் இல்லை. பெருமையை விட்டுவிட்டேன், இப்போது மாஸ்டர் தருகிறேன் என்ற அந்தப் பேரைக் கடனாக வாங்கத் தயார். மாஸ்டர் அன்று கல்லின்மேல் தன்னுடைய மூன்று பேரையும் உரக்கத்தான் சொன்னார், நான் அவருக்கு இரண்டடி பக்கத்தில் நின்றேன். என் முறை வருகிறதே என்ற கூச்சத்தில் ஒன்றையும் கேட்டு வைக்கவில்லை. கனடாவுக்கு டெலிபோன் எடுத்து மகளைக் கேட்டேன். "அப்பாவுக்குத்தான் தெரியும் அங்கிள்" என்றாள்.

படிவத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டேன். முதல் கட்டத்தில் என்ன எழுதட்டும் மாமா என்று கேட்கிறாள். வழக்கத்தின் பெயராம். நாங்கள் அதற்குப் பேர் வைக்கவில்லை. வெறுமையாகவே விடச் சொல்லியிருக்கிறேன்.